இருபடிச் சமன்பாட்டின் மூன்று வடிவங்கள்: எதிலிருந்து தொடங்குவது?

பெரம்பூரில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஒன்பது பேருக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். ஆறு பேர் மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள். மூன்று பேர் சி.பி.எஸ்.இ. பிள்ளைகள். இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்துக்கு என்னால் ஒதுக்க முடிவது ஆறு ஞாயிறுகள் மட்டுமே. மாநிலப் பாடத்திட்டத்தின் பொதுத்தேர்வில் 100 மதிப்பெண் வினாத்தாளின் கடைசிப் பகுதியில் 8 மதிப்பெண் வினாக்கள் இரண்டு உண்டு. ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். மதிப்பு அட்டவணை எழுதி, புள்ளிகளைக் குறித்து, கை நடுங்காமல் இழுத்துச் சேர்த்தால் அந்த எட்டும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில், சமன்பாட்டில் ஓர் எண்ணை மாற்றினால் வளைவரை எங்கே போகும் என்ற கேள்வியைப் பெரும்பாலான மாணவர்கள் கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்கு எந்த வடிவத்திலிருந்து தொடங்குவது நல்லது என்பதே ஒவ்வோர் ஆண்டும் நான் எடுக்க வேண்டியிருக்கும் முடிவு. இந்த ஆண்டு அதை எழுதிப் பார்த்தே எடுத்தேன்.

ஒரே வளைவரையை மூன்று விதமாக எழுதலாம். ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 3 என்பது பாடநூல் தரும் திட்ட வடிவம். அதையே ஒய் = (எக்ஸ் − 2)² − 1 என்று எழுதினால், வளைவரை திரும்பும் புள்ளியான முனையைக் காட்டும் முனை வடிவம்; ஒய் = (எக்ஸ் − 1)(எக்ஸ் − 3) என்று எழுதினால் காரணி வடிவம். விரித்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றே என்பது ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கும் தெரியும். ஆனால் மாற்றிப் பார்ப்பதற்கென்று அவை நம் கையில் தரும் எண்கள் வேறு வேறு. முதல் வடிவத்தில் மூன்று கெழுக்கள்; இரண்டாவதில் முனையின் இரு ஆயத்தொலைவுகளும் முன்னே நிற்கும் பெருக்கும் எண்ணும்; மூன்றாவதில் ஒய் பூச்சியமாகும் எக்ஸ் மதிப்புகளான இரு மூலங்களும் அதே பெருக்கும் எண்ணும். நமது எடுத்துக்காட்டில் அந்தப் பெருக்கும் எண் 1 என்பதால் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது.

ஒப்பிடுவதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் எளியது. மூன்று எண்களில் ஒன்றை மட்டும் மாற்றி மற்ற இரண்டையும் அப்படியே விட்டால், வளைவரைக்கு நேர்ந்ததை ஒரு மாணவர் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா, சொன்னதை வரைபடத்தாளில் உடனே காட்ட முடிகிறதா என்று பார்த்தேன். தேர்வு என்ன வடிவத்தில் கேட்கிறது என்பதும் முக்கியம்தான். ஆனால் அதை முதலில் வைத்தால் ஒப்பீடே தேவைப்படாது, ஏனென்றால் தேர்வு பெரும்பாலும் திட்ட வடிவத்தையே தருகிறது.

முனை வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும், அடியில் இருப்பது தெரியும் ஓஎச்பி ஷீட் ஒன்றை வாங்கி, அதை வரைபடத்தாளின் மேல் வைத்து, ஒய் = எக்ஸ்² என்ற வளைவரையை மார்க்கர் பேனாவால் ஒருமுறை ஒழுங்காக வரைந்துவிட்டால் போதும். ஷீட்டைத் திருப்பாமல் 2 செ.மீ. வலப்புறமும் 1 செ.மீ. கீழும் நகர்த்தினால் நம் எடுத்துக்காட்டு வந்துவிடுகிறது. வலம், இடம், மேல், கீழ் என்ற நான்கு சொற்களுக்குள் இரண்டு எண்களின் வேலை முடிந்துவிடுகிறது; ஒன்றை மாற்றும்போது மற்றொன்று அசைவதே இல்லை. எக்ஸ்²-இன் கெழு 1 ஆக உள்ள எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் அதே ஷீட் பொருந்தும் என்பதை மாணவர்கள் தங்கள் கையாலேயே கண்டுகொள்ளும் அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இந்த வடிவத்தை முதலில் வைக்கலாம் என்று தோன்றும்.

இதில் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ்-இலிருந்து 2-ஐக் கழித்தால் வளைவரை ஏன் வலப்புறம் போகிறது? கழித்தல் என்றால் இடப்புறம் அல்லவா? வர்க்கம் பூச்சியமாவது எக்ஸ் 2 ஆகும்போதுதான், ஆகவே முனை அங்கேதான் இருக்க வேண்டும் என்ற விளக்கம் சரியானது. ஆனால் அது மனத்தில் நிற்பதில்லை. எனக்குக் கைகொடுத்தது கடற்கரையிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயில். அது 10 நிமிடம் தாமதமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த நொடியில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், அட்டவணைப்படி 10 நிமிடம் முன்பு எங்கே இருந்திருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது என்பதே விடை. அதாவது நேரத்திலிருந்து 10-ஐக் கழித்துப் பழைய அட்டவணையைப் பார்க்கிறோம். ஆனால் நேரத்தைக் கிடை அச்சில் வைத்து ரயிலின் ஓட்டத்தை வரைந்தால், முழு வரைபடமும் 10 நிமிடம் வலப்புறம் தள்ளிப்போய் நிற்கும். கழித்தது அட்டவணையைப் பார்ப்பதற்காக, நகர்ந்தது ரயில். இதைச் சொன்ன பிறகு அந்தக் குறியில் தவறு செய்தவர்கள் மிகக் குறைவு.

மூன்றாவது எண், அதாவது முன்னே நிற்கும் பெருக்கும் எண், வளைவரையின் அகலத்தைக் கட்டுப்படுத்துகிறது. முனையிலிருந்து ஓர் அலகு பக்கவாட்டில் போனால் 1 அலகு ஏற்றம், அடுத்த அலகுக்கு 3, அதற்கடுத்ததற்கு 5, பிறகு 7 என்று ஒற்றைப்படை எண்களில் ஏறுவதுதான் எக்ஸ்²-இன் இயல்பு. கெழு 2 என்றால் அந்த ஏற்றங்கள் 2, 6, 10, 14 ஆகின்றன. கெழு −1 என்றால் அதே படிகள் கீழ்நோக்கி இறங்குகின்றன. அட்டவணையே இல்லாமல் முனையிலிருந்து படியேறி வரைந்துவிடலாம். கெழு 2 ஆகும்போது வளைவரை ஒடுங்குகிறது என்று பாடநூல்கள் சொல்வது கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வது. உண்மையில் பரவளையம் என்று பெயருள்ள இந்த வளைவரைகள் எல்லாம் வட்டங்களைப் போல ஒன்றுக்கொன்று வடிவொத்தவை. ஒய் = 2எக்ஸ்²-இன் வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் இரு மடங்கு பெரிதாக்கினால் ஒய் = எக்ஸ்²-இன் வளைவரையே கிடைக்கும். பெருக்கும் எண்ணை மாற்றுவது வளைவரையின் அருகே போவதும் விலகி நிற்பதும்தான்.

இந்த உண்மையை அறியாமல் சென்ற ஆண்டு நான் வகுப்பில் விழித்த கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மாணவர் எக்ஸ்² − 4எக்ஸ் + 3-க்கு அட்டவணை எழுதி, புள்ளி வைத்து, நேர்த்தியாக வரைந்திருந்தார். அதன் மேல் என் ஷீட்டை வைத்தால் பொருந்தவில்லை. முனை சரியாக உட்கார்ந்தது, ஆனால் ஷீட்டின் வளைவரை அவருடையதற்குள் ஒடுங்கி நின்றது. அவர் தவறாகக் கணக்கிட்டுவிட்டார் என்று அட்டவணையை இருமுறை சரிபார்த்தேன், தவறே இல்லை. பிறகுதான் தாளின் வலது மேல் மூலையைப் பார்த்தேன். எக்ஸ் −2 ஆகும்போது ஒய் 15 ஆகிவிடுவதால், தாளுக்குள் அடக்குவதற்காக, எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு என்றும், ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகுகள் என்றும் அளவுத்திட்டம் எழுதியிருந்தார். தேர்வில் எல்லோரும் செய்வது அதுதான். ஆனால் அந்த அளவுத்திட்டத்தில் ஒய் = எக்ஸ்² வரையும்போது தாளில் கிடைப்பது பாதி உயரமுள்ள, அகன்ற வளைவரை. சமன்பாட்டில் எதையுமே மாற்றாமல், அச்சில் எழுதும் ஓர் எண்ணால் பெருக்கும் எண்ணை மாற்றியதன் விளைவைக் கண்ணுக்குக் காட்டிவிட முடியும் என்பதை அந்தப் பையனின் தாள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

முனை வடிவத்தின் குறை, அதை யாரும் நமக்குத் தருவதில்லை என்பதே. வர்க்கப் பூர்த்தி செய்து, அதாவது எக்ஸ் வரும் உறுப்புகளை ஒரே வர்க்கத்துக்குள் அடக்கி, நாமே உண்டாக்க வேண்டும். எண்கள் சற்று முரண்டு பிடித்தால் பின்னங்கள் குவிந்துவிடும். 2எக்ஸ்² − 3எக்ஸ் − 5 என்பதைக் காரணிப்படுத்தினால் (2எக்ஸ் − 5)(எக்ஸ் + 1) என்று அழகாகப் பிரிகிறது. முனை வடிவத்திலோ 2(எக்ஸ் − 3/4)² − 49/8 என்று வருகிறது. வரைபடத்தாளில் 49/8-ஐக் குறிப்பது பத்தாம் வகுப்பு மாணவருக்கு இனிமையான வேலை அன்று. மூலங்கள் மட்டும் போதும் என்றால் பண்டைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரின் பழைய வழி இந்தப் பின்னங்களைத் தவிர்க்கிறது: எக்ஸ்²-இன் கெழுவை நான்கு மடங்காக்கி, அதாவது 8-ஆல், சமன்பாடு முழுவதையும் பெருக்கி, இரு பக்கமும் எக்ஸ்-இன் கெழுவின் வர்க்கமான 9-ஐக் கூட்டினால், (4எக்ஸ் − 3)² = 49 என்று முழு எண்களிலேயே வந்து நிற்கும். எனினும் முனையின் உயரத்தை அது நேராகச் சொல்வதில்லை.

காரணி வடிவத்தின் சிறப்பு வேறு. (எக்ஸ் − 1)(எக்ஸ் − 3) என்பதில் எக்ஸ் அச்சில் அடித்த இரண்டு ஆணிகள் தெரிகின்றன. ஆணிகளை அப்படியே விட்டு, முன்னே 2, 3 என்று பெருக்கினால் வளைவரை ஆணிகளில் மாட்டியபடியே கீழே தொய்கிறது. −1-ஆல் பெருக்கினால் அதே ஆணிகளில் மாட்டியபடி தலைகீழாகிறது. ஓர் ஆணியை மட்டும் நகர்த்தினால் நடப்பது இன்னும் சுவையானது. 3-ஐ 5-க்குக் கொண்டுபோனால் முனை (2, −1)-லிருந்து (3, −4)-க்குப் போகிறது. 7-க்குக் கொண்டுபோனால் (4, −9). முனை எப்போதும் இரு ஆணிகளுக்கும் நட்ட நடுவில், இடைவெளியில் பாதியின் வர்க்கம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்தில் தொங்குகிறது. 1, 4, 9 என்ற அந்த ஆழங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அடுத்து எவ்வளவு என்று கேட்டால், வகுப்பில் வாய் திறக்காதவர்களும் 16 என்று சொல்லிவிடுவார்கள்.

சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பல்லுறுப்புக்கோவையின் பூச்சியங்களை வரைபடத்தைக் கொண்டு எண்ணச் சொல்வதால், அந்த மூன்று பிள்ளைகளுக்கு இந்த வடிவம் உடனே பயன்படுகிறது. ஆனாலும் இதைத் தொடக்கமாக வைக்க நான் தயங்குவதற்குக் காரணம் உண்டு. ஆணிகளை நெருக்கிக்கொண்டே வந்தால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து, வளைவரை அச்சைத் தொட்டு நிற்கும். மெய்யான, சமமான மூலங்கள் என்று பாடநூல் சொல்வது அதைத்தான். அதற்கு மேல் வளைவரையைத் தூக்கினால் ஆணியே இருக்காது. எக்ஸ்² − 4எக்ஸ் + 5-ஐ மெய்யெண்களில் காரணிகளாக எழுத முடியாது. எழுத முடியாததை மாற்றிப் பார்க்கவும் முடியாது. வளைவரை தாளில் தெளிவாக நிற்கும்போது அதற்குரிய வடிவம் மட்டும் கைநழுவிப் போவதை முதல் வாரத்திலேயே மாணவருக்குக் காட்டினால் குழப்பமே மிஞ்சும்.

இனித் திட்ட வடிவம். வகுப்பறைகளில் மிகுதியாகப் புழங்குவதும், மிகுதியாகத் தவறாகச் சொல்லப்படுவதும் இதுவே. ஒய் = ஏ·எக்ஸ்² + பி·எக்ஸ் + சி என்பதில் சி-யைப் பற்றிச் சிக்கல் இல்லை: 3-ஐ 4 ஆக்கினால் வளைவரை ஓர் அலகு ஏறி அச்சைத் தொடுகிறது, 5 ஆக்கினால் அச்சை விட்டு விலகிவிடுகிறது. தன்மைகாட்டியைக் கணக்கிட்டு, அதாவது பி² − 4·ஏ·சி-யின் குறியைப் பார்த்து, காண்பதை இங்கே கண்ணாலேயே காணலாம். சிக்கல் பி-யில்தான். பி மாறினால் வளைவரை இடம் வலமாக நகரும் என்று முதல் இரண்டு ஆண்டுகள் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பலகையில் எக்ஸ்² − 4எக்ஸ் + 3-ஐ எக்ஸ்² − 2எக்ஸ் + 3 ஆக்கி வரைந்தபோது, முன்வரிசையில் இருந்த மாணவி, "சார், இடது பக்கம் போகும்னுதானே சொன்னீங்க, இது மேலயும் ஏறுதே?" என்று கேட்டார். முனை (2, −1)-லிருந்து (1, 2)-க்குப் போயிருந்தது. அப்போது என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை உட்கார்ந்து பி-க்கு வரிசையாக மதிப்புகள் கொடுத்துப் பார்த்தேன். பி பூச்சியமானால் முனை (0, 3). 2 ஆனால் (−1, 2). 4 ஆனால் (−2, −1). 6 ஆனால் (−3, −6). இந்தப் புள்ளிகளை எல்லாம் சேர்த்தால் ஒய் = 3 − எக்ஸ்² என்ற இன்னொரு பரவளையம், கவிழ்ந்த நிலையில், வந்து நின்றது. அதாவது பி-யை மாற்றினால் முனை நேர்க்கோட்டில் நகர்வதில்லை. தன்னைப் போலவே வடிவமுள்ள, ஆனால் எதிர்ப்புறம் பார்க்கும் வளைவரையின் மேல் ஏறி இறங்குகிறது. அதன் உச்சி, எல்லா வளைவரைகளும் பொதுவாகக் கடக்கும் (0, சி) என்ற புள்ளியிலேயே இருக்கிறது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா என்றால், முடியாது என்றே அப்போது நினைத்தேன். திட்ட வடிவத்தைக் கடைசியில் வைப்பது என்ற என் முடிவு அன்றே பாதி எடுக்கப்பட்டுவிட்டது.

மீதிப் பாதியைத் தீர்மானித்தது ஒரு டென்னிஸ் பந்து. எங்கள் மொட்டை மாடி தரையிலிருந்து ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். அங்கிருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேர் மேலே எறிந்து, அது கைக்கு வராமல் சுவருக்கு வெளியே தெரு வரை விழுகிறது என்று கற்பனை செய்துகொண்டோம். உண்மையில் விழவிடவில்லை, கீழே எப்போதும் யாருடைய ஸ்கூட்டராவது நின்றுகொண்டிருக்கும். புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கின் எளிமைக்காக 10 என்று வைத்தால், எக்ஸ் நொடிக்குப் பிறகு பந்தின் உயரம் ஒய் = −5எக்ஸ்² + 10எக்ஸ் + 15. இதில் சி என்பது எறியும்போது கை இருந்த உயரம். பி என்பது எறிந்த வேகம். ஏ என்பது புவியின் இழுப்பில் பாதி. பந்து மேலும் கீழும்தான் போகிறது. வளைந்த கோடு, நேரத்தைக் கிடை அச்சில் வைத்ததால் வந்தது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பந்தைச் சாய்வாக எறிந்தால் அது செல்லும் பாதையே பரவளையம் என்பதை 1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ காட்டியது தனிச் செய்தி.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடுகிறது. பந்தை இன்னும் வேகமாக எறிந்தால் என்ன ஆகும்? இன்னும் உயரமாகப் போகும், உச்சியை அடைய இன்னும் கூடுதல் நேரமும் ஆகும். பி 10-ஆக இருந்தபோது முனை 1 நொடியில், 20 மீட்டர் உயரத்தில். 20 ஆக்கினால் 2 நொடியில், 35 மீட்டர் உயரத்தில். பி-யை மாற்றினால் முனை ஏன் குறுக்கே மட்டும் நகராமல் சாய்வாக நகர்கிறது என்று விளக்க வேறு எதுவும் தேவையில்லை. தெருவில் கிரிக்கெட் ஆடிய எவருக்கும் அது கையிலேயே இருக்கிறது. அதே சமன்பாட்டை −5(எக்ஸ் − 1)² + 20 என்று எழுதினால் பந்து உச்சியில் நிற்கும் கணம் தெரிகிறது. −5(எக்ஸ் − 3)(எக்ஸ் + 1) என்று எழுதினால் அது 3-ஆம் நொடியில் தெருவில் விழுவது தெரிகிறது. அந்த −1 என்ன என்று கேட்டவருக்கு, இதே பந்தை ஒரு நொடி முன்னதாகத் தரையிலிருந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் யாராவது எறிந்திருந்தால் அது நம் மாடியைக் கடக்கும்போது இதே வேகத்தில் இருந்திருக்கும் என்று சொன்னேன். திட்ட வடிவம் எறியும் கையின் பக்கம் நின்று வளைவரையைப் பார்க்கிறது; முனை வடிவம் உச்சியில் நின்று பார்க்கிறது; காரணி வடிவம் தெருவில் நின்று பார்க்கிறது.

திட்ட வடிவத்தில் ஏ-யை மாற்றினால் நடப்பதையும் இதே கண்ணோட்டம் தெளிவாக்குகிறது. முனை வடிவத்தில் பெருக்கும் எண்ணை மாற்றினால் முனை அசையாது. காரணி வடிவத்தில் மாற்றினால் மூலங்கள் அசையா. திட்ட வடிவத்தில் மாற்றினால் முனையும் நகர்கிறது, மூலங்களும் நகர்கின்றன. எக்ஸ்² − 4எக்ஸ் + 3-இன் முதல் கெழுவை 2 ஆக்கினால் முனை (1, 1). அரையாக்கினால் (4, −5). −1 ஆக்கினால் (−2, 7). இவை எல்லாம் ஒய் = 3 − 2எக்ஸ் என்ற ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. அசையாமல் நிற்பது ஒய் அச்சில் (0, 3) என்ற புள்ளியும், அந்தப் புள்ளியில் வளைவரையின் சாய்வும் மட்டுமே. ஏ எவ்வளவாக இருந்தாலும் அந்தப் பரவளையங்கள் எல்லாம் அங்கே ஒய் = −4எக்ஸ் + 3 என்ற கோட்டைத் தொட்டுச் செல்கின்றன; ஏ பூச்சியத்தை நெருங்க நெருங்க வளைவு நிமிர்ந்து, கடைசியில் அந்தக் கோடாகவே ஆகிவிடுகிறது. எறிந்த வேகம் மாறாமல் புவியின் இழுப்பு மட்டும் குறைந்து பூச்சியமாகிவிட்டால் பந்து திரும்பியே வராது என்பதுதான் இதன் பொருள். பெருக்கும் எண் என்று மூன்று வடிவங்களிலும் ஒரே பெயரில் வருவதை மூன்று வேறு வேலைகள் செய்யும் ஆளாகப் பார்க்க வேண்டும் என்பதை, எனக்குத் தெரிந்தவரை, பத்தாம் வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

கைப்பேசியில் ஜியோஜிப்ரா என்ற கணிதச் செயலியைத் திறந்து, எண்ணை மாற்றும் நழுவியை இழுத்தால் இவை அனைத்தும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுமே என்று பெற்றோர் சிலர் கேட்டதுண்டு. 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய அந்தச் செயலி இலவசமாகக் கிடைக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நழுவியை இழுப்பவர் திரையில் ஓடுவதைப் பார்த்து ரசிக்கிறாரே தவிர, அடுத்து எங்கே போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முயல்வதில்லை. ஷீட்டைக் கையால் நகர்த்தி, தவறாக நகர்த்தி, திருத்திய பிறகே கைப்பேசியைத் தருகிறேன்.

தேர்வின் பக்கமிருந்து பார்த்தால் திட்ட வடிவத்துக்கு மற்ற இரண்டும் ஈடுகொடுக்க முடியாத ஓர் இடம் உண்டு. எக்ஸ்² − 4எக்ஸ் + 3-இன் வரைபடத்தை வரைந்து, அதைக் கொண்டே எக்ஸ்² − 5எக்ஸ் + 4 = 0 என்பதைத் தீர்க்கச் சொல்லும் வகை வினா அது. ஒன்றிலிருந்து மற்றொன்றை உறுப்பு உறுப்பாகக் கழித்தால் எக்ஸ்² மறைந்து ஒய் = எக்ஸ் − 1 என்ற கோடு மிஞ்சுகிறது; அது வளைவரையை வெட்டும் (1, 0), (4, 3) என்ற புள்ளிகளின் எக்ஸ் மதிப்புகளே விடை. மாணவர்கள் இதை மந்திரம் போலச் செய்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் பி-யையும் சி-யையும் மாற்றுவது என்பது வளைவரையுடன் ஒரு நேர்க்கோட்டைக் கூட்டுவதே என்பதை முன்பே உணர்ந்தவருக்கு, இரண்டு பரவளையங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு கோடாகத்தான் இருக்க முடியும் என்பது சொல்லாமலே விளங்கும். முனை வடிவத்தில் எழுதிக்கொண்டு இந்தக் கழித்தலைச் செய்ய முயன்றால் எல்லாவற்றையும் விரித்துத் திட்ட வடிவத்துக்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஆகவே இந்த ஆண்டு முதல் இரண்டு ஞாயிறுகளை முனை வடிவத்துக்கும், மூன்றாவதைக் காரணி வடிவத்துக்கும், மீதி மூன்றையும் திட்ட வடிவத்துக்கும் ஒதுக்கியிருக்கிறேன். வர்க்கப் பூர்த்தியைத் தனிப் பாடமாக எடுக்காமல், கொடுத்த சமன்பாட்டுக்கு ஷீட்டை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கும் வேலையாக இரண்டாவது ஞாயிறன்றே நுழைக்கப் போகிறேன். பந்து நான்காவது ஞாயிறன்று வரும். பொதுத்தேர்வுக்கு மூன்று வாரமே இருக்கும்போது சேரும் மாணவருக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது; அவருக்குத் திட்ட வடிவமும் அட்டவணையும்தான், பி-யைப் பற்றிய பேச்சே வேண்டாம். போன ஆண்டின் ஓஎச்பி ஷீட் நடுவில் மடிந்து கோடு விழுந்துவிட்டதால் புதிதாக இரண்டு வாங்கியிருக்கிறேன்: ஒன்றில் ஒய் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, மற்றொன்றில் 1 செ.மீ. = 2 அலகுகள். இரண்டிலும் எழுதியிருக்கும் சமன்பாடு ஒய் = எக்ஸ்²தான். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, எது சரி என்று கேட்டு முதல் வகுப்பைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.